களிமண் குவளைச் சுவரில் செப்பு ஃபெரோசயனைடு சவ்வு: மின்னழுத்தம் கணக்கை மீறுவது ஏன்?

முதுநகர் ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர் நால்வருடன் இரண்டு மாதங்களாக வீழ்படிவுச் சவ்வு பற்றிய ஒரு சோதனையைச் செய்து வருகிறேன். அதில் கிடைத்த அளவீடு ஒன்று எனக்கே விளங்காததால் இங்கே கேட்கிறேன்.

நீர்த்த மயில்துத்தக் (செப்பு சல்பேட்டு) கரைசலில் பொட்டாசியம் ஃபெரோசயனைடு படிகம் ஒன்றைப் போட்டுப் பார்த்ததுதான் எங்கள் தொடக்கம். படிகத்தைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் மெல்லிய பை ஒன்று உண்டாகி, உள்ளே நீர் புகப்புக உப்பி, ஓரிடத்தில் பிளந்தது. பிளவின் வழியே மஞ்சள் கரைசல் இம்மியளவு கசிவதற்குள் அங்கே புதிய தோல் மூடிக்கொண்டது. பை மீண்டும் உப்பியது. முளைவிட்ட விதையைப் போல அது மேல்நோக்கி வளர்வதை மாணவியர் ஒரு முழுப் பாடவேளை நின்று பார்த்தார்கள். இதற்கு உயிர் இருக்கிறதா என்று ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்விதான் எங்களை இவ்வளவு தூரம் இழுத்து வந்தது.

அந்தப் பை தொட்டால் கலைந்துவிடும் என்பதால், வில்லியனூரில் மண்பாண்டம் செய்பவரிடம் மெருகோ பூச்சோ இல்லாத சிறு குவளைகள் சிலவற்றைச் செய்து வாங்கினோம். சுவரில் சிக்கிய காற்று வெளியேறும்வரை குவளையை வாலை வடிநீரில் கொதிக்கவைத்து, ஆறியபின் வெளியே மயில்துத்தக் கரைசலும் உள்ளே பொட்டாசியம் ஃபெரோசயனைடு கரைசலுமாக இரண்டு நாள் வைத்தோம். இரு கரைசல்களும் சுவருக்குள் சந்தித்து அங்கேயே செப்பு ஃபெரோசயனைடாகப் படிந்தன. ஒரு குவளையை உடைத்துப் பார்த்தபோது, சுவரின் குறுக்குவெட்டில் தேங்காய் ஓட்டின் நிறத்தில் ஒரு கோடு ஓடியது.

பிறகு குவளைக்குள் 0.01 மோலார் பொட்டாசியம் குளோரைடும், வெளியே 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடும் ஊற்றி, சில்வர் குளோரைடு பூசிய வெள்ளிக் கம்பிகளை இரண்டிலும் நேரடியாக அமிழ்த்திப் பன்முக அளவி கொண்டு அளந்தோம். வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ். அளவி 87 மில்லிவோல்ட் காட்டியது. உட்புறக் கம்பி நேர்மின்முனையாக இருந்தது. செறிவில் பத்து மடங்கு வேறுபாடு இருந்தால், நேர்மின் அயனிகளை மட்டுமே விடும் குறையற்ற சவ்வுகூட ஏறக்குறைய 60 மில்லிவோல்ட்தான் தரமுடியும் என்று படித்திருக்கிறேன். குறையுள்ள எங்கள் சவ்வு எப்படி 87 தரும்? வீழ்படிவு ஏதும் படியாத வெறுங்குவளையும் 61 காட்டுகிறது என்பது குழப்பத்தை இன்னும் கூட்டுகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒரு நாள் வாலை வடிநீர் தீர்ந்துபோகவே, மாணவியர் பள்ளியின் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் ஒரு குவளையை ஊறவைத்துக் கழுவிவிட்டார்கள். மறுநாள் அதே குவளை 68 மட்டுமே காட்டியது. சவ்வு கிழிந்துவிட்டதா? கடற்கரையை ஒட்டிய எங்கள் பகுதிக் கிணறுகளில் உப்புக் கரிப்பு மிகுதி. இந்தக் குவளையைக் கொண்டே அந்த நீரை நன்னீராக்க முடியாதா என்றும் அவர்கள் கேட்கிறார்கள். நேர்மையான விடையைச் சொல்ல விரும்புகிறேன்.

லாஸ்பேட்டையிலிருந்து

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். புதுச்சேரியில் இயற்பியல் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். உங்கள் அளவீட்டில் தவறில்லை. அது எதை அளந்தது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

சில்வர் குளோரைடு பூசிய வெள்ளிக் கம்பி வெறும் கம்பியன்று. அது குளோரைடு அயனியை உணரும் மின்முனை. 0.1 மோலாரில் ஒன்றையும் 0.01 மோலாரில் மற்றொன்றையும் அமிழ்த்தினால், நடுவில் எந்தச் சவ்வும் மின்னழுத்தம் எதையும் தராவிட்டாலும், அந்த இரு மின்முனைகளுக்கிடையே குளோரைடு செறிவு வேறுபாட்டினாலேயே ஒரு மின்னழுத்தம் இருக்கும். குளோரைடு குறைவான பக்கத்து மின்முனை நேர்முனையாகும். நேர்மின் அயனிகளைத் தேர்ந்து விடும் சவ்வும் நீர்த்த பக்கத்தையே நேராக்குகிறது, ஏனெனில் பொட்டாசியம் அயனிகள் நீர்த்த பக்கம் நோக்கி முந்திச் செல்கின்றன. இரண்டும் ஒரே திசையில் இருப்பதால் கூடிவிடுகின்றன. உங்கள் 87 என்பது இந்த இரண்டின் கூட்டுத்தொகை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அயனிகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால், கரைசலில் நாம் போட்ட செறிவு முழுவதும் செயல்படுவதில்லை. பொட்டாசியம் குளோரைடுக்கு 0.1 மோலாரில் பயனுறு செறிவு சுமார் 0.077, 0.01 மோலாரில் சுமார் 0.0090. ஆகவே விகிதம் 10 அன்று, ஏறத்தாழ 8.5. அதன் மடக்கை 0.93. உங்கள் 30 டிகிரியில் ஒரு மடக்கை அலகுக்கு 60.15 மில்லிவோல்ட் என்பதால், மின்முனைகளின் பங்கு மட்டும் 56 மில்லிவோல்ட். 87இலிருந்து 56ஐக் கழித்தால் மிஞ்சுவது 31. இதுவே உங்கள் சவ்வின் மின்னழுத்தம்.

குறையற்ற சவ்வாக இருந்தால் இந்த மிச்சமும் 56 ஆக இருந்திருக்கும். அளவி 112 காட்டியிருக்கும். மின்னோட்டத்தில் நேர்மின் அயனி சுமக்கும் பங்கை, அதாவது பெயர்ச்சி எண்ணை, இப்போது ஒரே வகுத்தலில் பெறலாம். 87ஐ 112ஆல் வகுத்தால் 0.78. சவ்வின் ஊடாகச் செல்லும் மின்னோட்டத்தில் நூற்றில் 78 பங்கைப் பொட்டாசியமும் 22 பங்கைக் குளோரைடும் சுமக்கின்றன. தடையற்ற நீரில் பொட்டாசியத்தின் பங்கு 0.49 மட்டுமே, அங்கே இரண்டும் ஏறக்குறைய சம வேகத்தில் ஓடுவதால், எந்தச் சவ்வும் இல்லாமலே உங்கள் அளவி 55 அளவில் காட்டியிருக்கும். வெறுங்குவளை 61 காட்டியதற்குக் காரணமும் இதுவே. 61ஐ 112ஆல் வகுத்தால் 0.54. சுட்ட களிமண்ணின் நுண்துளைச் சுவர்களிலும் சிறிது எதிர்மின்சுமை உண்டு, 0.49க்கும் 0.54க்கும் உள்ள வேறுபாடு அந்தக் களிமண்ணுடையது. 0.54இலிருந்து 0.78 வரை உயர்ந்தது மட்டுமே உங்கள் வீழ்படிவின் செயல். வெறுங்குவளையைத் தனியாக அளந்து வைத்தது மிகச் சரியான காரியம். பல ஆய்வுக் குறிப்பேடுகளில் இந்த ஒப்பீட்டைக் காணமுடிவதில்லை.

மாணவியரிடம் சொல்வதற்காகச் சிறிது வரலாறு. அவர்கள் பார்த்த அந்தப் பையை 1867இல் விரிவாக எழுதியவர் மோரிட்ஸ் ட்ரௌபே. குடும்பத்தின் திராட்சை மது வணிகத்தை நடத்திக்கொண்டே வேதியியல் செய்தவர் அவர். சவ்வின் துளைகள் மூலக்கூறுகளைச் சலிக்கும் சல்லடை என்பது அவர் கருத்து. தாவரவியலாளரான வில்ஹெல்ம் பெஃபர் அதே வீழ்படிவை நுண்துளை மண்குவளையின் சுவரில் படியவைத்து, 1877இல் சவ்வூடு பரவல் அழுத்தத்தை அளந்து வெளியிட்டார். உங்கள் குவளை அவருடைய குவளையின் வழிவந்ததே. நூற்றுக்கு ஒரு பங்கு கரும்புச் சர்க்கரைக் கரைசல் அந்தக் குவளையில் ஏறத்தாழ 53 சென்டிமீட்டர் பாதரச அழுத்தத்தைத் தாங்கி நின்றது. இந்த எண்களைத் தாவரவியலாளர் ஹியூகோ டி விரீஸ் வழியாக அறிந்த வேதியியலாளர் வான்ட் ஹாஃப், கரைசலின் சவ்வூடு பரவல் அழுத்தம் வாயு விதியைப் பின்பற்றுகிறது என்று கண்டார். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901இல் அவருக்குக் கிடைத்தது. ஒரு மண்குவளை இவ்வளவு தூரம் சென்றிருக்கிறது என்பதை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கே உள்ளம் நிறையும்.

ஆனால் உங்கள் கேள்விக்கு நெருக்கமானவர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட். 1890இல் அவர் இதே செப்பு ஃபெரோசயனைடு சவ்வை எடுத்துக்கொண்டு, அது தடுப்பதும் விடுவதும் உப்புகளையன்று, தனித்தனி அயனிகளை என்று வாதிட்டார். ஓர் அயனியை விட்டு மற்றதை மறித்தால் சவ்வின் இருபுறமும் மின்னழுத்தம் தோன்றியே ஆகவேண்டும். தசையிலும் நரம்பிலும் மின்மீன்களிலும் காணும் மின்சாரத்துக்கும் இதுவே வேராக இருக்கலாம் என்றும் எழுதினார். இதற்கு உயிர் இருக்கிறதா என்று கேட்ட மாணவியிடம், இல்லை, ஆனால் உயிரணு இதே தொழிலைச் செய்கிறது என்று சொல்லுங்கள்.

கிணற்று நீரில் கழுவிய குவளையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். அது கிழியவில்லை என்றே கருதுகிறேன். அதே குவளையை 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடில் இரண்டு நாள் ஊறவைத்து, கரைசலை இருமுறை மாற்றி, மறுபடி அளந்து சொல்லுங்கள். கூடவே இன்னொன்றும் வேண்டும்: நல்ல குவளை ஒன்றில் 0.01, 0.001 மோலார் கரைசல்களைக் கொண்டு அளந்து பாருங்கள். விளக்கத்தை அதன்பின் எழுதுகிறேன்.

கெடிலக்கரை

பேராசிரியர் ஐயா சொன்ன கணக்குடன் கைவேலை சார்ந்த சிலவற்றைச் சேர்க்கிறேன். ஓர் ஆய்வுக்கூடத்தில் மின்முனைகளைப் பல ஆண்டுகள் பராமரித்தவன் என்பதால் இதில் எனக்கு அனுபவம் உண்டு.

அளக்கும் முன்பு இரண்டு கம்பிகளையும் ஒரே குவளையில், ஒரே கரைசலில் அமிழ்த்தி, அவற்றுக்கிடையே எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். ஒரு மில்லிவோல்ட்டுக்குள் நின்றால் நல்லது. அதற்கு மேல் இருந்தால் பூச்சு சமமாக இல்லை என்று பொருள். நகைக்கடையில் வாங்கும் வெள்ளிக் கம்பியில் பெரும்பாலும் செம்பு கலந்திருக்கும். பற்றுவைக்கவோ வளைக்கவோ வசதிக்காகக் கலந்தது அது. கலப்பற்ற வெள்ளி என்று கேட்டு வாங்க வேண்டும். கம்பியை நுண்ணிய உப்புத்தாளில் தேய்த்துக் கழுவி, பொட்டாசியம் குளோரைடு கரைசலில் மின்கலத்தின் நேர்முனையுடன் இணைத்து, சாம்பல் கலந்த ஊதா நிறம் சீராகப் படரும்வரை சில நிமிடம் வையுங்கள். ஒன்பது வோல்ட் மின்கலத்தை நேரடியாகச் சேர்த்தால் பூச்சு அவசரத்தில் தடித்து உதிர்ந்துவிடும்; இடையில் சில ஆயிரம் ஓம் மின்தடை ஒன்றை இணையுங்கள். பிறகு இரண்டு கம்பிகளையும் முறுக்கி ஒன்றாக இணைத்து ஓர் இரவு அதே கரைசலில் விட்டால், அவற்றுக்கிடையே இருந்த வேறுபாடு தானே அடங்கிவிடும்.

அளவெடுக்கும்போது ஒரு முறையோடு நிறுத்தாமல், கம்பிகளை இடம் மாற்றி மறுமுறை அளந்து, இரண்டின் சராசரியை எழுதுங்கள். கம்பிகளின் சொந்த வேறுபாடு அதில் கழிந்துவிடும்.

பாதுகாப்பு பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். பொட்டாசியம் ஃபெரோசயனைடு சாதாரண நிலையில் பெரிய நஞ்சு அன்று. ஆனால் அதை அமிலத்துடன் சூடாக்கினால் ஹைட்ரஜன் சயனைடு வளி வெளிவரும். ஆய்வகத் தொட்டியில் அமிலக் கழிவு இருக்கும் இடத்தில் இந்தக் கரைசலைக் கொட்ட விடாதீர்கள். தனிப் புட்டியில் சேர்த்து வையுங்கள்.

முதுநகர் ஆசிரியை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா எழுதிய கணக்கைக் கரும்பலகையில் மாணவியரே போட்டுப் பார்த்தார்கள். 112 என்ற எண் வந்தபோது, நாங்கள் அளந்தது உச்சவரம்பை மீறவில்லை, உச்சவரம்பே வேறு என்று அவர்களுக்கு விளங்கியது.

கம்பிகளை மீண்டும் தயாரித்தோம். ஒரே கரைசலில் அவற்றின் வேறுபாடு 0.4 மில்லிவோல்ட். நல்ல குவளையில் 0.1, 0.01 மோலார் கரைசல்களுக்கு இம்முறையும் 87 வந்தது. அதே குவளையில் 0.01, 0.001 மோலார் கரைசல்களுக்கு 106 வந்தது. செறிவின் விகிதம் அதேதான், ஆனால் எண் இவ்வளவு உயர்கிறது. நீர்த்த கரைசலில் சவ்வு திடீரென்று நல்ல சவ்வாக மாறிவிடுமா?

கிணற்று நீரில் கழுவிய குவளை பொட்டாசியம் குளோரைடில் ஊறியபின் 68இலிருந்து 81க்கு ஏறியது. அது கிழியவில்லை என்று ஐயா சொன்னது சரியாகவே இருக்கிறது. அது எப்படி என்று அறிய ஆவலாக இருக்கிறோம்.

லாஸ்பேட்டையிலிருந்து

மிக அழகான அளவீடுகள். முதலில் 106ஐ எடுத்துக்கொள்வோம். இந்த நீர்த்த இணைக்குப் பயனுறு செறிவுகளின் விகிதம் 9.3; மின்முனைகளின் பங்கு 58.3, உச்சவரம்பு 116.7. 106ஐ அதனால் வகுத்தால் பெயர்ச்சி எண் 0.91. அதே சவ்வு, அதே நாள்; 0.78 இப்போது 0.91 ஆகியிருக்கிறது. சவ்வு மாறவில்லை. அதன் சுவரில் ஒட்டியிருக்கும் மின்சுமைக்கும் கரைசலில் உள்ள அயனிகளுக்கும் இடையிலான வலிமை விகிதம் மாறியிருக்கிறது.

ட்ரௌபேயின் சல்லடைக் கருத்து இங்கேதான் போதாமல் போகிறது. வெறும் சல்லடையாக இருந்தால், கரைசல் அடர்ந்தாலும் நீர்த்தாலும் துளையின் அளவு அதுவே என்பதால் தேர்வும் அப்படியே இருக்கவேண்டும். வீழ்படிவின் துளைச் சுவர்கள் எதிர்மின்சுமை உடையவை. சுவரில் அசையாமல் நிற்கும் அந்தச் சுமையைச் சமப்படுத்த, துளைக்குள் இருக்கும் நீரில் பொட்டாசியம் அயனிகள் கூடுதலாகக் குடியிருந்தாக வேண்டும். குளோரைடு அயனிகள் விரட்டப்படும். எவ்வளவு விரட்டப்படும் என்பதை 1911இல் டோனன் வகுத்த சமநிலையிலிருந்து கணக்கிடலாம். துளைக்குள் உள்ள பொட்டாசியம் செறிவையும் குளோரைடு செறிவையும் பெருக்கினால், வெளிக்கரைசலில் அவற்றைப் பெருக்கிய தொகைக்குச் சமமாக வரவேண்டும் என்பதே அதன் சாரம்.

பேச்சுக்காக, துளை நீரில் சுவரின் மின்சுமை லிட்டருக்கு 0.1 மோல் என்று வைத்துக்கொள்வோம். வெளிக்கரைசல் 0.1 மோலார் என்றால், துளைக்குள் பொட்டாசியம் 0.162, குளோரைடு 0.062 என்று வரும். குளோரைடு ஒன்றுக்குப் பொட்டாசியம் இரண்டரை மட்டுமே; சுவர் தோற்கும் நிலையில் இருக்கிறது. வெளிக்கரைசல் 0.01 மோலார் என்றால், பொட்டாசியம் 0.101, குளோரைடு 0.001, ஒன்றுக்கு நூறு. 0.001 மோலார் என்றால் ஒன்றுக்குப் பத்தாயிரம். நீர்க்க நீர்க்கக் குளோரைடுக்கு அந்தத் துளையில் இடமே இல்லாமல் போகிறது. உங்கள் மாணவியர் மூன்று இணைகளில் அளந்து வரைபடம் போட்டால், 1935இல் டியோரெலும் 1936இல் மேயரும் சீவர்ஸும் தனித்தனியாக எழுதிய கோட்பாட்டின்படி, தங்கள் சவ்வின் உண்மையான மின்சுமையைத் தாங்களே மதிப்பிட முடியும். மேல்நிலைப் பள்ளியில் இதைச் செய்வது பெரிய காரியம்.

அந்த மின்சுமை எங்கிருந்து வருகிறது என்று அவர்கள் கேட்பார்கள். வீழ்படிவு எதுவாயினும், தன் படிகக்கூட்டுக்கு உரிய அயனிகளையே தன் பரப்பில் மிகுதியாக ஈர்த்துக்கொள்ளும். அயோடைடு மிகுந்த கரைசலில் படிந்த சில்வர் அயோடைடு எதிர்மின்சுமையும், சில்வர் அயனி மிகுந்த கரைசலில் படிந்தது நேர்மின்சுமையும் பெறுவது கூழ்மப் பாடத்தில் வரும் எடுத்துக்காட்டுதான். ஃபெரோசயனைடு அயனி நான்கு எதிர்மின்சுமைகளைத் தாங்கியது; அது பரப்பில் மிகுந்து ஒட்டினால் சுவர் எதிர்மின்சுமை பெறும்.

இப்போது கிணற்று நீருக்கு வருவோம். கடலூர்க் கரையோர நிலத்தடி நீரில் கால்சியமும் மக்னீசியமும் உண்டு. இரண்டு நேர்மின்சுமை உடைய கால்சியம் அயனியை எதிர்மின்சுமை கொண்ட சுவர் பொட்டாசியத்தைவிட மிக இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பிடித்த இடத்தில் சுவரின் சுமை பெரும்பகுதி அணைந்துவிடும். விரட்டும் வலிமை குறைந்த சுவரின் ஊடே குளோரைடு உள்ளே வரும். 68ஐ 112ஆல் வகுத்தால் 0.61, ஏறக்குறைய வெறுங்குவளையின் நிலைக்கே அது இறங்கியிருக்கிறது. கிழிந்த சவ்வாக இருந்தால் பொட்டாசியம் குளோரைடில் ஊறவைத்ததும் தேறியிராது. 81 வரை தேறியது, கால்சியம் அயனிகளைப் பொட்டாசியம் தன் எண்ணிக்கையின் பலத்தால் பெரும்பாலும் வெளியேற்றிவிட்டது என்பதைக் காட்டுகிறது. மிச்சம் 6 மில்லிவோல்ட் இன்னும் வராமல் இருப்பது, சில இடங்களில் கால்சியம் விடாமல் ஒட்டியிருப்பதால் ஆகலாம். மாணவியர் செய்த அந்தக் கழுவல் ஒரு தனிச் சோதனைக்கு நிகரானது. அதை அவர்கள் தங்கள் பதிவேட்டில் மறைக்காமல் எழுதட்டும்.

நன்னீர் பற்றிய கேள்விக்கு: இந்தக் குவளையால் ஆகாது. பொட்டாசியத்தையோ சோடியத்தையோ மட்டும் விட்டுக் குளோரைடை மறிக்கும் சவ்வின் வழியே உப்பு தானாக வெளியேறாது. முதல் சில அயனிகள் கடந்ததுமே எதிர்ப்புறம் நேர்மின்சுமை சேர்ந்து, அடுத்து வருபவற்றைத் தடுத்துவிடும். நீங்கள் அளந்த மின்னழுத்தமே அந்தத் தடுப்புதான். உப்பை நீக்க வேண்டுமானால் நேர்மின் அயனியை விடும் சவ்வு ஒன்றும், எதிர்மின் அயனியை விடும் சவ்வு ஒன்றுமாக மாற்றி மாற்றி அடுக்கி, வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தவேண்டும். மின் சவ்வுப் பிரிப்பு (எலக்ட்ரோடயாலிசிஸ்) எனப்படும் இந்த முறைக்கு உரிய சவ்வுகளைக் குஜராத்தின் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. மற்றொரு வழி அழுத்தம். கடல்நீரின் சவ்வூடு பரவல் அழுத்தம் ஏறக்குறைய 27 வளிமண்டலம். அதற்கு மேல் அழுத்தினால்தான் நீர் எதிர்த்திசையில் வரும். வில்லியனூர்க் குவளை அந்த அழுத்தத்தைத் தாங்காது.

காலாப்பட்டு ஆய்வு மாணவன்

பேராசிரியர் ஐயா எழுதியதைப் படித்தபின், சல்லடைக் கருத்தை முழுவதும் கைவிட்டுவிட வேண்டாம் என்று பணிவுடன் சொல்ல விரும்புகிறேன். குளோரைடை மறிப்பது மின்சுமை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரே மின்சுமை கொண்ட பொட்டாசியத்துக்கும் சோடியத்துக்கும் இடையே சவ்வு வேறுபாடு காட்டினால், அதை மின்சுமையால் மட்டும் விளக்க இயலாது.

செப்பு ஃபெரோசயனைடின் படிகக்கூடு பிரஷ்யன் நீலத்தின் கூட்டை ஒத்தது. இரும்பும் செம்பும் சயனைடு பாலங்களால் இணைந்து, இடையிடையே சிறு அறைகளும் அவற்றை இணைக்கும் குறுகிய வாயில்களும் உள்ள கனசதுர அமைப்பு அது. நீரில் இருக்கும் ஒவ்வோர் அயனியும் நீர் மூலக்கூறுகளைப் போர்வையாகப் போர்த்தியிருக்கிறது. லித்தியம் சிறிய அயனியாக இருந்தும் அதன் போர்வை பெரியது, இறுக்கமானது. சீசியம் பெரிய அயனி, ஆனால் அதன் போர்வை தளர்வானது. வாயிலில் நுழைய அந்தப் போர்வையைக் கழற்ற வேண்டும். பொட்டாசியத்துக்கு அது எளிது, சீசியத்துக்கு இன்னும் எளிது, சோடியத்துக்குக் கடினம். இந்தக் காரணத்தால்தான் இக்குடும்பச் சேர்மங்கள் கதிரியக்கச் சீசியத்தை நீரிலிருந்து பிரிக்கப் பயன்படுகின்றன. 1987இல் பிரேசிலின் கோயானியாவில் சீசியம் 137 பரவியபோது, பாதிக்கப்பட்டவர்களுக்குப் பிரஷ்யன் நீலத்தையே மருந்தாகக் கொடுத்தார்கள்.

டீச்சரின் குவளையிலேயே இதைச் சோதிக்கலாம். உள்ளே 0.01 மோலார் சோடியம் குளோரைடும் வெளியே 0.01 மோலார் பொட்டாசியம் குளோரைடும் ஊற்றுங்கள். இருபுறமும் குளோரைடு சமமாக இருப்பதால் மின்முனைகளின் பங்கு ஏறக்குறைய கழிந்துபோகும். அளவி காட்டுவது சவ்வின் மின்னழுத்தம் மட்டுமே. சோதனையில் இதைவிடத் தெளிவான அமைப்பு எனக்குத் தெரியாது. தடையற்ற நீரில் இந்த இரு கரைசல்களும் சந்தித்தால் 4 மில்லிவோல்ட்டுக்குச் சற்று மேல் இருக்கும். குளோரைடை முற்றிலும் மறித்து, நேர்மின் அயனிகளை அவற்றின் இயல்பான வேகத்திலேயே விடும் சவ்வாக இருந்தால், பொட்டாசியம் 73.5, சோடியம் 50.1 என்ற கடத்துத்திறன்களின் விகிதப்படி 10 மில்லிவோல்ட் வரும். பத்தைத் தாண்டினால், சவ்வே பொட்டாசியத்தைத் தேர்ந்தெடுக்கிறது என்று துணிந்து சொல்லலாம். சோடியம் இருக்கும் பக்கம் நேர்முனையாக இருக்கவேண்டும்.

முதுநகர் ஆசிரியை

தம்பி சொன்ன அமைப்பை இன்று காலை வைத்தோம். கிணற்று நீர் படாத குவளை, வாலை வடிநீரில் மூன்று முறை அலசியது. முதல் கால் மணி நேரம் எண் அலைந்துகொண்டே இருந்தது. பிறகு மெல்ல நின்றது: 19 மில்லிவோல்ட், சோடியம் பக்கம் நேர்முனை. வெறுங்குவளையில் அதே கரைசல்களுக்கு 6.

மாணவியர் கணக்கிட்டதில், 30 டிகிரியில் 19 மில்லிவோல்ட் என்பது, பொட்டாசியம் சோடியத்தைவிட 2.1 மடங்கு எளிதாகக் கடக்கிறது என்று பொருள்படுகிறது. நீரில் அந்த விகிதம் 1.47 மட்டுமே. இதற்கு உயிர் இருக்கிறதா என்று கேட்ட அதே மாணவிதான் இந்த வகுத்தலைச் செய்தாள். செய்து முடித்துவிட்டு, நரம்பணுவும் பொட்டாசியத்தைத்தானே முன்னே விடுகிறது என்று என்னிடம் கேட்டாள். ஆம் என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் என்னால் உடனே பேசமுடியவில்லை.

லாஸ்பேட்டையிலிருந்து

அந்தப் பெண்ணுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள். 19ஐப் பதிவேட்டில் எழுதுமுன் ஒன்றைச் செய்துவிடுங்கள். இரண்டு கரைசல்களையும் இடம் மாற்றுங்கள்; பொட்டாசியம் குளோரைடு உள்ளேயும் சோடியம் குளோரைடு வெளியேயும் இருக்கட்டும். சுவர் முழுவதும் புதிய கரைசலுக்குப் பழக, குவளையை ஓர் இரவு அப்படியே விட்டு, காலையில் கரைசல்களைப் புதிதாக மாற்றி அளந்து பாருங்கள். எதிர்க்குறியுடன் 19க்கு அருகில் வந்தால் எண் சவ்வுடையது. 12 என்றோ 25 என்றோ வந்தால், வீழ்படிவுக் கோடு சுவரின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கிப் படிந்திருக்கிறது என்று பொருள். அப்போது குவளையை உடைத்துக் குறுக்குவெட்டில் அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று பார்க்கவேண்டும்.

முதுநகர் ஆசிரியை

மாற்றி வைத்துவிட்டோம், ஐயா. நாளை ஞாயிற்றுக்கிழமை, இருந்தும் நால்வரும் காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆய்வகச் சாவியை நான் வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன். எண் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.